நுனியார் கடை அம்மணி

கத்திரியைத் தொடுவதற்கு முன் தலையைத் தொடுவார். பிடரியில் விரல்களை நுழைத்து மேலே ஓட்டி, உச்சிச் சுழியில் சற்று நின்று, இரண்டு காதோரமும் இறங்கி வருவார். உட்கார்ந்திருப்பவர் பெரிய அதிகாரியோ லாரி ஓட்டுநரோ, அந்த நேரத்தில் எல்லாருக்கும் கண் தானாக மூடிக்கொள்ளும். தொண்டையில் ஒரு “உம்” வரும். அதற்குப் பிறகுதான் கேள்வி.

“நுனிய மட்டும் எடுக்கட்டுமா?”

ஒட்ட வெட்டச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தவரிடமும் இதே கேள்விதான். முடி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய தலைக்காரரிடமும் இதே கேள்விதான். “அண்ணே, எனக்கு மிச்சம் இருக்கறதே நுனிதான்” என்று ஒருவர் அலுத்துக்கொண்டபோது, “அதனாலதாங்க கேட்டுட்டு எடுக்கறேன்” என்றார். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் விழிப்பார்கள். நுனியார் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். சாவி செய்பவர் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஒரே நாற்காலி போட்ட சலூன்.

முகம் அவருக்கு நினைவில் நிற்காது. பின்னந்தலை மறக்காது. கடைக்குள் சிரித்தபடி நுழைகிறவரை யாரோ என்று பார்ப்பார், அவர் திரும்பி உட்கார்ந்ததும் முகம் மலர்ந்து, “அடடே, நீங்களா! மகனுக்கு வேலை கிடைச்சுதா?” என்பார். ஒருமுறை ஓடும் பஸ்ஸில் முன்னால் நின்றவரின் தோளைத் தட்டி, “போன தடவை வேற எங்கயோ வெட்டிக்கிட்டீங்க போல” என்றார். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். திருட்டு கண்டுபிடிக்கப்பட்ட நடை.

பாராட்டுவதில் மட்டும் கை இறுக்கம். எப்பேர்ப்பட்ட முடியைக் கண்டாலும் “பரவாயில்ல” என்பார். அதற்கு மேல் அவரிடம் சொல் இல்லை. பெண் பார்க்கப் போனபோது வருங்கால மனைவியின் பின்னலைப் பார்த்து உறவினர் நடுவில் அதைத்தான் சொல்லியிருக்கிறார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அந்த அம்மாள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. குழம்பைப் பற்றிக் கணவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, “பரவாயில்லதான், சாப்பிடுங்க” என்று பழி தீர்த்துக்கொள்கிறார்.

அப்படிப்பட்டவர் வாயடைத்துப்போன நாளைப் பற்றித்தான் அந்தத் தெரு இன்னும் பேசுகிறது.

கடைத் துண்டுகள் விளிம்பு பிரிய ஆரம்பித்தால் மனைவி விடமாட்டார். “நூல் தொங்குற துண்டை மனுஷன் கழுத்துல போடுவாங்களா?” என்று மூட்டையாகக் கட்டிவிடுவார். கைவிடப்பட்ட பூனைகளுக்கென்று ஊர்க்கோடியில் ஒரு காப்பகம் இருக்கிறது. பழைய அச்சகக் கட்டடம். கூண்டுகளில் விரிப்பதற்குத் துணி வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். மூட்டையைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி நுனியார் போனார்.

காப்பகத்தை நடத்தும் பெண் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். “அந்த மேசை மேல வைங்கண்ணா” என்றார். வைக்கப் போன இடத்தில், கடைசிக் கூண்டில், ஒரு பழைய மெத்தைப் பஞ்சுபோல ஏதோ சுருண்டு கிடந்தது. அது மூச்சு விட்டது. குறட்டையும் விட்டது.

பாரசீகப் பூனை. சப்பை மூக்கு, செம்புக் காசு நிறத்தில் இரண்டு வட்டக் கண்கள், கண்ணீர் வழிந்து கறுத்த கன்னம். நீளமான முடி வயிற்றிலும் விலாவிலும் அக்குளிலும் சிக்குப் பிடித்துச் சடைசடையாகத் தொங்கியது. வளர்த்தவர்கள் வீடு மாறும்போது ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

நுனியாரின் கை பழக்க தோஷத்தில் கம்பிக்குள் போனது. சிக்கு இல்லாத இடம் கழுத்து ஒன்றுதான். அங்கே இரண்டு விரலால் முடியைப் பிரித்தார். மேலே கரும்புகை நிறம். உள்ளே, வேரில், தூய வெள்ளை.

அவருக்குக் கோபம் வந்தது.

“யாருங்க மேடம் இதுக்கு டை அடிச்சது?”

“என்னது?”

“டை. சாயம். வேரெல்லாம் வெள்ளையா நிக்குது பாருங்க. அடிச்சு ரொம்ப நாளாச்சு. வாயில்லா ஜீவனுக்குப் போய் யாராவது டை அடிப்பாங்களா?”

அந்தப் பெண் துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கப் பார்த்தது, மறுபடி வந்தது. “அது பிறவி நிறம்ண்ணா. புகை நிறம்னே இதுக்குப் பேரு. ஒவ்வொரு முடியும் அப்படித்தான். வேர் வெள்ளை, நுனி கறுப்பு.”

ஒவ்வொரு முடியுமா? அவர் மறுபடி பிரித்துப் பார்த்தார். வேறோர் இடத்தில் பிரித்துப் பார்த்தார். விரல் போகும் பாதையெல்லாம் கறுப்புக்குள்ளிருந்து வெண்மை எழுந்து, விரல் நகர்ந்ததும் மூடிக்கொண்டது. ஊதினார். மூச்சுக்காற்று போன வழியில் ஒரு வெள்ளைச் சுழி திறந்து மூடியது. வேர் வெளுத்ததை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று மனிதர்கள் வந்து உட்காருவதில்தான் அவருடைய பாதிப் பிழைப்பு ஓடுகிறது. இங்கே அதையே ஓர் ஆபரணமாகச் செய்து, உள்பக்கமாக ஒளித்தும் வைத்திருக்கிறது ஏதோ ஒரு கை.

“பரவாயில்ல” என்று அவர் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. துண்டு மூட்டையைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாளே திரும்பப் போய் அந்தப் பூனையைத் தனக்குக் கேட்டார். கேட்டவுடன் கொடுத்துவிடுகிற இடம் இல்லை அது. வீட்டில் யார் யார், பகலில் பூனையோடு யார் இருப்பார்கள், ஜன்னலுக்கு வலை உண்டா என்று அந்தப் பெண் துருவித் துருவிக் கேட்டார். மகளைக் கட்டிக்கொடுக்கும்போதுகூட இத்தனை கேள்வியை நாம் கேட்கவில்லை என்று நுனியார் மனைவியிடம் ஆச்சரியப்பட்டார்.

மனைவிக்கு ஆச்சரியம் வேறாக இருந்தது. “நாள் பூரா ஊர் முடியைக் கூட்டித் தள்றீங்க. சாயந்தரம் சட்டையில ஒட்டிக்கிட்டு வர்றது போதாதா? அது வேற வீட்டுக்குள்ள கொட்டணுமா?”

“ஒரே ஒரு தடவை வந்து பாரு. விரலை விட்டுப் பிரிச்சுப் பாரு.”

“பாத்தா?”

நுனியார் கையை விரித்துக் காட்டினார். அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் மனைவி சரி என்று சொன்னாராம். “கல்யாணத்தன்னிக்குக்கூட அந்தக் கை நடுங்கல” என்பது அவருடைய வாக்குமூலம்.

கொடுக்கும்போது காப்பகத்துப் பெண் எச்சரித்தார். வயதான பூனை, இதயத்தில் ஒரு கோளாறு உண்டு, மயக்க ஊசி தாங்காது. சாதாரணமாக இப்படிப்பட்ட சடையை டாக்டரிடம் மயக்கிப்போட்டுத்தான் மழிப்பார்கள். இவளுக்கு அது முடியாது. பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக, விரலால் பிரிக்க வேண்டும். கத்திரி மட்டும் கூடவே கூடாது. பூனைத்தோல் காகிதம் மாதிரி. சடைக்குள் அது எங்கே இழுபட்டுக் கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

“முடியைப் பத்தி எனக்கா மேடம்?” என்றார் நுனியார்.

“சொல்றது என் வேலைண்ணா. இப்போதைக்கு உங்க வீட்ல இருக்கட்டும். நான் வந்து பாத்துட்டுத்தான் உங்களுக்கே உங்களுக்குன்னு சொல்வேன்.”

வீட்டுக்கு வந்தவள் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப்போல மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருந்த ஒரே நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். “வாங்க அம்மணி” என்றார் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. பெயர் அதுவே ஆயிற்று.

அடுத்து நடந்ததை முடிவெட்டும் தொழிலில் இருப்பவர் மட்டுமே செய்யக்கூடும். காய்ந்த சிக்கில் கை வைப்பது நுனியாரின் சட்டத்தில் பாவம். தோள்வரை வளர்த்துச் சிக்காக்கிக்கொண்டு வருகிற கல்லூரிப் பையன்களை அவர் அப்படித்தான் சரிசெய்வார். முதலில் நனைப்பார். வெதுவெதுப்பான நீரில் அலசி, கண்டிஷனர் தடவி ஊறவிட்டு, முனையிலிருந்து வேரை நோக்கி வருவார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தலைகள் சொல்லிக்கொடுத்ததுதான். கை பொய்த்ததே இல்லை.

மனைவி வேலைக்குப் போனதும் வாளியில் வெந்நீரை விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அம்மணியைக் குளிப்பாட்டினார்.

பிராண்டுவாள் என்று எதிர்பார்த்தார். பிராண்டவில்லை. நனைய நனைய அவள் குறைந்துகொண்டே வந்தாள். அத்தனை பெரிய ராணிக்குள்ளிருந்து, காது பெருத்து, கழுத்து மெலிந்து, எலும்பு எண்ணலாம் போல ஒரு சின்ன உயிர் வெளியே வந்து செம்புக் கண்களால் அவரைப் பார்த்தது. இவ்வளவு சிறிய உடம்பா இத்தனை முடியையும் நெய்தது என்று அவர் மலைத்துப்போய் வாளிமுன் குந்தியிருந்தார். கண்டிஷனர் தடவி, தேய்த்து, கசக்கி, அலசி, துண்டில் சுற்றினார்.

முடி உலர்ந்ததும் சடைகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. செருப்பின் அடித்தோல்போல விறைத்து, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அம்மணி தன் நாற்காலியில் ஏறப் போனாள். இடது முன்னங்கால் மேலே வரவில்லை. சட்டைக் கையை உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டதுபோல, அக்குள் சடை அதை மார்போடு ஒட்டிவைத்திருந்தது. பாதி தூரத்தில் விழுந்தாள். எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல நடந்துபோய், அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டாள். மூன்று காலில் நடந்தாள்.

மனைவி வந்ததும் தரையில் படுத்து, அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

“நனைச்சீங்களா?”

“ம்.”

“வெந்நீர்ல?”

“வெதுவெதுன்னுதான்.”

“கசக்கினீங்களா?”

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கம்பளியைச் சுடுதண்ணியில போட்டுக் கசக்கினா என்ன ஆகும்னு எங்க லாண்டரில நேத்து வந்த பொண்ணுக்குக்கூடத் தெரியும். போர்வையா உள்ள போவும், கைக்குட்டையா வெளிய வரும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?”

“முடிதானேன்னு நெனச்சேன்.”

“மனுஷனுக்கு இருக்கறதுதாங்க முடி. இது கம்பளி.”

மறுநாள் காப்பகத்துப் பெண்ணுக்கு நுனியாரே போன் செய்தார். வந்தவர் அம்மணியின் காலைத் தூக்க முயன்று பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “கத்திரி படக்கூடாதுன்னு சொன்னேன். தண்ணி படக்கூடாதுன்னு சொல்லத் தோணலண்ணா. பூனையை யாரு குளிப்பாட்டப்போறாங்கன்னு இருந்துட்டேன்.”

திட்டியிருந்தால் நுனியாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிலைமை எளிது, தப்பிக்க வழியில்லாத எளிமை. சடையை எடுக்காவிட்டால் இழுபட்ட தோல் புண்ணாகி அழுகும், கால் முடங்கிவிடும். எடுக்க வேண்டுமென்றால் மயக்க ஊசி. போட்டால் அவள் கண் விழிப்பாளா என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியாது.

“முழிச்சிருக்கும்போதே நான் எடுக்கறேன்” என்றார் நுனியார். “மிஷின்ல.”

“நகத்தைப் பாத்தீங்களா?”

அவர் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். காலையிலேயே ஒருமுறை முயன்றிருக்கிறார். முழங்கைவரை சிவப்புக் கோடுகள். மிஷின் சத்தம் காதில் விழுந்ததுமே அவள் பறந்திருந்தாள்.

அந்தப் பெண் அந்தக் கோடுகளை எண்ணுவதுபோலப் பார்த்தார். “அடுத்த வாரம் டாக்டர்கிட்ட நேரம் வாங்கறேன். அதுக்குள்ள இந்தக் காலை இவ தூக்கியாகணும். இல்லன்னா வந்து எடுத்துட்டுப் போயிடுவேன். நடுவுல வாயைத் திறந்து மூச்சு வாங்கினான்னா அந்த நொடியே கையை எடுத்துடணும். சத்தியம் பண்ணுங்க.”

செய்தார்.

மறுநாள் துண்டுக்கூடையில் வைத்து அவளைக் கடைக்குக் கொண்டுவந்தார். மிஷின் சத்தம் அவளுக்கு ஓர் ஆபத்தாக இல்லாமல் தெருச்சத்தம்போல ஆக வேண்டும். அதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பது அவர் கணக்கு. ஜன்னலோரமாக வெயில் விழும் பலகையில் கூடை ஏறியது.

கடையின் நிரந்தர உறுப்பினர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வெட்டிக்கொள்ள மாதம் ஒருமுறை, பெஞ்சில் உட்கார்ந்து நியாயம் பேச தினமும் வருவார். கூடையைப் பார்த்துவிட்டு அவர் ஆரம்பித்தார். “என்னய்யா நுனி, கடையில இனிமே லேடீஸும் உண்டா?”

“மெதுவா பேசுங்க கண்டக்டரே.”

“ஏன், தூங்குறாங்களா?”

“பயந்துபோயிருக்கா.”

அவர் சொன்ன விதத்தில் கண்டக்டரின் குரல் தானாக இறங்கிவிட்டது. விசில் ஊதி ஊதி முற்றிப்போன தொண்டை; அதற்குள் இப்படி ஒரு மெல்லிய குரல் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. அதன்பின் உள்ளே வந்தவர்களும் ஒவ்வொருவராகக் குரலைக் குறைத்துக்கொண்டார்கள். ரேடியோ அணைந்தது. அரசியலைக்கூடக் கிசுகிசுத்தார்கள். சாவிக்காரர் அரம் போடுவதற்கு முன் எட்டிப் பார்த்து, “போடலாமா?” என்று சைகையில் கேட்டார். ஒரு தெருவையே இப்படிப் பூனைநடை நடக்கவைத்தவள் கூடைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

தலை மேல் தலையாக வந்து உட்கார, மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் அவள் காதுகள் பின்னால் மடிந்தன. பிறகு ஒரு காது மட்டும். பிறகு கூடை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, ஆள் ஆளாக வந்து குனிந்து கழுத்தைக் கொடுத்துவிட்டு முழு உயிரோடு எழுந்துபோவதைப் பார்க்கத் தொடங்கினாள். ஓடாத மிஷினை நுனியார் அவள் அருகில் வைத்தார். முகர்ந்தாள். ஓடுகிற மிஷினைத் தன் கையின் மேல் வைத்துக்கொண்டு அந்தக் கையால் தடவினார். கை அதிர்வது அவள் உடம்புக்குள்ளும் போயிருக்க வேண்டும்; அவளுக்குள்ளிருந்தும் ஓர் அதிர்வு பதிலுக்குக் கிளம்பியது. கடையில் இரண்டு மிஷின் ஓடுவதுபோல இருந்தது. “உள்ள மோட்டார் வெச்சிருக்காய்யா” என்றார் கண்டக்டர், காற்றாக.

சலவைக்கூடத்திலிருந்து மனைவி வந்த பிறகுதான் உண்மையான வேலை. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். இஸ்திரிச் சூடு ஊறிய அந்த மடி அம்மணிக்குப் பிடித்திருந்தது. நுனியார் தரையில் மண்டியிடுவார். சடைக்கு அடியில் சோளமாவைத் தூவி, வழுக்கும்படி செய்து, முடி எங்கே நிற்கிறது தோல் எங்கே எழும்புகிறது என்று விரல் நுனியால் தேடுவார். கிடைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கண் குழப்பியது. மிஷினைத் தோலோடு படுக்கவைத்து, ஒரு மூச்சு அளவுக்கு நகர்த்துவார். நிறுத்துவார். மறுபடி தேடுவார்.

அன்றாடம் விலாவில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று காசளவு காசளவாகத்தான் சடை போயிற்று. ஒருநாள் அவள் வாயைத் திறந்தாள். நாக்கு தெரிந்தது. அந்த நொடியே கையை எடுத்து மிஷினை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மூச்சு சீராகும்வரை மூவரும் அசையவில்லை. பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்த தபால்காரரும் அசையவில்லை.

அக்குளைக் கடைசிக்கு வைத்திருந்தார். அங்கே தோல் எது சடை எது என்று விரலுக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. மனைவி முன்னங்காலைத் தன் ஆள்காட்டி விரலில் ஏந்திக்கொண்டார். நுனியார் முடியை முடியாகப் பிரித்தார். எத்தனை தடவை மிஷினை நிறுத்தினார், எத்தனை தடவை மாவைத் தூவினார் என்று யாரும் எண்ணவில்லை. கண்டக்டர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி இழை அறுந்து சடை கையோடு வந்தது. குழந்தைச் செருப்பு அளவு இருந்தது. எடுத்து மேசை மேல் தட்டினால் கட்டைபோலச் சத்தம் வரும்.

அதை யாரும் பார்க்கவில்லை. அது இருந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். ரோஜா நிறத்தில், மெல்லிய நீல நரம்பு ஓட, ஒரு கீறல் இல்லாத தோல். அதற்கடியில் படபடவென்று ஏதோ குதித்தது. கோளாறு என்று டாக்டர் சொன்ன அந்த இதயம். நாலைந்து துடிப்புக்கு ஒருமுறை தடுக்கி விழுந்து, உடனே எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஓடியது. நுனியார் அதன் மேல் விரல் வைக்கப் போனார். வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

“மூடுங்க, குளிரும்” என்றார் மனைவி.

ஆனால் அம்மணி காலைத் தூக்கவில்லை. கட்டு அவிழ்ந்த பிறகும் அதை மார்போடு ஒட்டியே வைத்துக்கொண்டு மூன்று காலில் நொண்டினாள். மறுநாளும் அப்படியே. இழுபட்டு இழுபட்டு உள்ளே ஏதாவது அறுந்துவிட்டதோ என்று நுனியார் நினைத்தார். அந்த இரண்டு நாளும் அவர் கடையில் யாரிடமும் நுனி பற்றிக் கேட்கவில்லை. வெட்டச் சொன்னதை வெட்டினார்.

அவள் கோலமும் பார்க்கத் தக்கதாக இல்லை. கழுத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரி, பின்னால் சாமரம்போல வால், நடுவில் உரித்த உடம்பு. அங்கங்கே திட்டுத்திட்டாகப் புகை. புதிதாக வந்த ஓர் இளைஞன் சிரிப்பை அடக்க முடியாமல், “யாருங்க இதுக்குக் கட்டிங் பண்ணது?” என்றான்.

“நான்தான்” என்றார் நுனியார். மோசமாக வெட்டிய தலையை இதுவரை அவர் கடைவாசல் தாண்ட விட்டதில்லை.

சொன்ன நாளில் காப்பகத்துப் பெண் வந்தார். கையில் பூனையைத் தூக்கிப்போகும் கூண்டு. அப்போது நாற்காலியில் கண்டக்டர். முகம் முழுக்க நுரை, ஒரு கன்னம் மட்டும் மழித்தாகியிருந்தது. அந்தப் பெண் ஜன்னலருகே போய் அம்மணியின் வயிற்றைத் தடவினார், அக்குளில் விரல் வைத்தார், நிமிர்ந்து நுனியாரைப் பார்த்தார்.

“ஒரு கீறல்கூட இல்லையேண்ணா!”

“காலைத் தூக்கல மேடம்.”

“தெரியுது.” கூண்டைக் கீழே வைத்தார். “மூட்டு போயிருந்தா டாக்டர்தான் பாக்கணும். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன். அப்புறம்... ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இவளை முடிக்காகத்தான் ஆசைப்பட்டீங்க. அன்னிக்கு உங்க முகத்தைப் பாத்தேன். அது இனிமே வளர ரொம்ப நாளாகும். வளந்தாலும் அந்த நிறத்துலேயே வருமான்னு சொல்ல முடியாது. காலும் இப்படி. வேண்டாம்னு நீங்க சொன்னா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

நுனியார் வாயைத் திறந்தார். அப்போது ஜன்னலோரம் ஏதோ அசைந்தது.

வெயில் பலகைக்கு வந்திருந்தது. அம்மணி அதில் மெல்லப் பக்கவாட்டில் சரிந்தாள். உடம்பை ஒருமுறை நெளித்தாள். பிறகு, யாரையும் கேட்காமல், ஏதோ நேற்றும் முந்தாநாளும் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வதுபோல, இடது முன்னங்காலை நீட்டினாள். நீட்டிக்கொண்டே போனாள். அது காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, கண்ணாடி ஜன்னலை நோக்கி மேலே போய், ஐந்து விரலும் விரிந்து நகங்கள் வெயிலில் மின்ன நின்றது. அப்படியே தலையைத் திருப்பி, ரோஜா நிற அக்குளில் நாக்கை வைத்து, வேரிலிருந்து நுனிவரை ஒரு நக்கு நக்கினாள். நுனி இல்லாததை அவள் பொருட்படுத்தவில்லை.

காப்பகத்துப் பெண் கூண்டைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னய்யா?” என்றார் கண்டக்டர், நுரைக்குள்ளிருந்து. அவருக்கு எதிரே கண்ணாடியில் தன் முகம் மட்டும்தான் தெரிந்தது. “என்னய்யா ஆச்சு? ஏன் எல்லாரும் சும்மா இருக்கீங்க?”

நுனியார் சவரக்கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார். நாற்காலியின் அடியில் இருந்த மிதியைக் காலால் அழுத்தி, கண்டக்டரையும் நுரையையும் சேர்த்து, சத்தம் வராமல், மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பினார்.